நாலு கூடை உப்பு

ரோட்டருவா, நியூசிலாந்து
17-8-1958

அன்புள்ள மச்சான் சேக் அலாவுதீனுக்கு,

உன் மாப்பிள்ளை ஆண்டிச்சாமி எழுதிக்கொண்டது. நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நீயும், தங்கச்சி சம்சுன் நிஹாரும், பிள்ளை பரக்கத் நிஷாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். கப்பலில் இருபத்தெட்டு நாள். அதில் பாதி நாள் வாந்தி. மணமேல்குடியில் கடல் காற்றிலேயே ஒன்பது வருஷம் கிடந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

சென்னை மின்சார நிலையத்திலிருந்து என்னையும் இன்னொருவரையும் ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்பியிருப்பது உனக்குத் தெரியும். இங்கே பூமிக்குள்ளிருந்தே ஆவி வருகிறது மச்சான். விறகு இல்லை, கரி இல்லை, உமி இல்லை. இரண்டாயிரம் அடிக்குத் துளை போட்டு இரும்புக் குழாயை இறக்கியிருக்கிறார்கள். மேலே வால்வைத் திறந்தால் கொதிநீரும் ஆவியும் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. ஊர் முழுக்க அழுகின முட்டை வாடை. இந்த ஊரின் பழைய குடிகளான மாவோரிப் பெண்கள் கூடையில் கிழங்கையும் கறியையும் வைத்து வெந்நீர்க் குளத்தில் இறக்கிவிட்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். பேச்சு முடிவதற்குள் சமையல் முடிந்துவிடுகிறது.

நான் வந்திருப்பது எதற்கென்றால், இந்தக் கிணறுகளுக்கும் நம் அரிசி மில் பாய்லருக்கு இருந்த அதே நோய். நாம் உப்பு என்போமே, தண்ணீரிலுள்ள அந்தச் சுண்ணாம்பு குழாயின் உள்பக்கத்தில் படிந்து படிந்து, எட்டு அங்குலக் குழாய் ஒரே வருஷத்தில் மூன்று அங்குலமாகிவிடுகிறது. அது படியாமல் தடுப்பது எப்படி என்று பார்க்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நான் மில்லை விட்டுப் போன நாலாவது மாதம் நெருப்புக் குழாய் கிழிந்ததும், உமி தள்ளுகிற மூக்கனுக்குக் கால் வெந்ததும், பாய்லரைப் பார்க்க உனக்கிருந்த சர்டிபிகேட்டைப் பறித்ததும் நம் பொல்லாத காலம். மூக்கன் இப்போது எப்படி நடக்கிறான்? உன்னை இன்னும் நெல் ஊறல் தொட்டியில்தான் வைத்திருக்கிறார்களா?

கந்தர்வக்கோட்டையில் என் வீட்டுக்காரி ராசாத்தி தனியாக இருக்கிறாள். அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்.

இப்படிக்கு,
உன் அன்பு மாப்பிள்ளை
ஆண்டிச்சாமி


786

மணமேல்குடி
21-9-1958

பிரியமுள்ள மாப்பிள்ளை ஆண்டிச்சாமிக்கு மச்சான் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் வீட்டில் எல்லோரும் சுகம். உன் நீலக் கடிதத்தை நிஹாருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். வெந்நீர்க் குளத்தில் கூடையை இறக்கிச் சமைக்கும் விஷயத்தைக் கேட்டதிலிருந்து, அடுப்பு புகையும்போதெல்லாம் என்னை அந்த ஊருக்குக் குடிபோகச் சொல்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், தொட்டியில்தான் இருக்கிறேன். நெல்லைக் கொட்டுவது, தண்ணீர் விடுவது, ஊறினதை அள்ளி அவிக்கிற கொப்பரைக்கு அனுப்புவது. நாள் முழுக்க இடுப்பளவு ஈரம். பாய்லர் இருபதடி தூரத்தில் நிற்கிறது. இப்போது பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் பார்க்கிறார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். உமியை அள்ளிப் போட்டு ஆவியை மளமளவென்று ஏற்றுகிறார். பாய்லர் போடுகிற சத்தத்தைக் கேட்டாலே தண்ணீர் குறைவா, உப்பு ஏறியிருக்கிறதா என்று எனக்குத் தெரிகிறது. போய்ச் சொன்னால், 'தொட்டியப் பாருங்க பாய்' என்கிறார். அவர் சொல்வதும் சரிதானே.

பரீட்சை எழுதித் திரும்ப சர்டிபிகேட் வாங்கலாமா என்று பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு மூன்றாம் தடவையாக எழுதிப் பார்த்தேன். விபத்துக்குக் காரணம் உப்பைச் சுரண்டாதது, சுரண்டியதாகப் புத்தகத்தில் பொறுப்பாளரான என் கையெழுத்து இருக்கிறது, அது நடக்காத வேலைக்குப் போட்ட பொய்க் கையெழுத்து, புதிய ஆதாரம் இருந்தாலொழிய விசாரணையைத் திறக்க முடியாது என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுத் தொட்டிக்குப் போனேன்.

மூக்கன் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறான். உமி தள்ள முடியாது. மில் வாசலில் டீக்கடை போட்டிருக்கிறான். வலது கால் செருப்புப் போட இன்னும் இடம் கொடுக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். அங்கே குழாயிலிருந்து எடுக்கிற உப்புப் பாளத்தைப் பார்த்து, அது எத்தனை நாள் படிந்தது, நடுவில் என்ன நடந்தது என்றெல்லாம் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்களா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கடுக்காயைப் பற்றி அந்தத் துரைமாரிடம் சொன்னாயா? நம் பாய்லரில் ஆடி மாதச் சுத்தத்துக்கு முன்னால் இரண்டு நாள் கடுக்காய்த் தண்ணீர் நிறுத்திவைப்போமே, உப்பு இளகட்டும் என்று. அதைச் சொல்.

துஆவுடன்,
சேக் அலாவுதீன்


ரோட்டருவா
9-11-1958

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. பரீட்சைக்கு இடம் தராத விஷயம் மனசைக் கஷ்டப்படுத்தியது. ஆபீஸ்காரர்களுக்கு எழுத்துதான் தெரியும், ஆளைத் தெரியாது.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. கிணறு அடைத்துக்கொண்டால் இதுவரை ஒரே வைத்தியம்தான்: துளை போடும் இயந்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்து உள்ளே இருக்கிற சுண்ணாம்பைக் குடைந்து எடுப்பது. அடைத்தபின் குடைவதைவிட அடைக்காமல் பார்க்க வேண்டும் என்கிறார் எங்கள் இன்ஜினியர். நரைத்த தலை, காலையில் பேசவே மாட்டார். அவர் சொல்வது இதுதான்: கிணற்றின் வாயை அகலத் திறந்தால் ஆவி நிறையக் கிடைக்கும். ஆனால் உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கி, தண்ணீர் ஆழத்திலேயே கொதிக்க ஆரம்பித்து, கொதிக்கிற இடத்தில் சுண்ணாம்பைக் கக்கிவிடும். வாயைக் குறுக்கி, அழுத்தத்தை இறங்கவிடாமல் வைத்திருந்தால் கொதிப்பு மேலே வந்துவிடும், படிவதும் குறையும். ஆவிக்கு ஆசைப்பட்டவனுக்குக் கிணறு அடைக்கும் என்று இதற்கு அர்த்தம். ஒரு கிணற்றை இப்படிக் குறுக்கிவைத்து ஆறு மாதம் பார்க்கப் போகிறோம். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அழுத்தமானியைப் பார்த்து எழுதுவது என் வேலை. ஒரு வேளை பார்க்காமல் எழுதினாலும் இன்ஜினியர் கண்டுபிடித்துவிடுவார் என்று இங்கே எல்லோருக்கும் பயம்.

கடுக்காயைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். தோல் பதனிடும் சரக்கைக் கிணற்றில் போடுவதா என்றார்கள். மறுநாள் இன்ஜினியரே கூப்பிட்டு, கொஞ்சம் வரவழைக்க முடியுமா, ஒரு சின்னக் குழாயில் போட்டுப் பார்க்கலாம் என்றார். ஒரு ஐந்து சேர் அனுப்புவாயா?

திரும்பி வந்ததும் எனக்கு போர்மன் வேலை நிரந்தரமாகும் என்று சென்னையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ராசாத்தியையும் சென்னைக்குக் கூட்டிவந்துவிடலாம். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆண்டிச்சாமி


786

மணமேல்குடி
14-12-1958

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

போர்மன் ஆகப்போகிறாய் என்றதும் நிஹார் சர்க்கரை கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்து, ரோட்டை உடைத்து, மூன்று நாள் அறந்தாங்கி பஸ் வரவில்லை. அதனால்தான் பார்சல் தாமதம். கடுக்காய் ஐந்து சேர், கொட்டை நீக்கி உடைத்து, இரண்டு துணிப் பையில் தைத்து, கப்பல் தபாலில் போட்டிருக்கிறேன். தபால் ஆபீசில் இது என்ன மருந்து என்று கேட்டார்கள். கிணற்றுக்கு மலச்சிக்கல் என்றேன்.

செய்முறை உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் துரைமாருக்காக எழுதுகிறேன். ஒரு பங்கு கடுக்காய்க்கு எட்டுப் பங்கு தண்ணீர் விட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சு. வடிகட்டி ஊற்று. இரண்டு நாள் நிற்கட்டும். இரும்பில் பட்டால் கன்னங்கறேல் என்று கறுக்கும், பயப்பட வேண்டாம். ஊற்றிய தேதியை எழுதி வைத்துக்கொள். ஊற்றியபின் சுரண்டாமல் சும்மா விட்டும் பார்க்கச் சொல். கொஞ்ச நாள் கழித்து அந்தக் குழாயை அறுத்து உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.

கடுக்காய் உடைக்கும்போது அந்த ஆடி மாதம் ஞாபகம் வந்தது. நாம் இரண்டு பேரும் ஒன்பது வருஷமும் ஒரே மாதிரிதான் செய்தோம். ஒருவன் பாய்லருக்குள் இறங்கிச் சுரண்டுவான், ஒருவன் வெளியே லாந்தர் பிடித்து நிற்பான். வெளியே இருப்பவன் தகட்டில் மூன்று தட்டுத் தட்டினால் உள்ளே இருப்பவன் மூன்று தட்டுத் திருப்பித் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு முட்டி விழுந்துவிட்டான் என்று அர்த்தம். அந்த வருஷம் மட்டும் நிஹாருக்கு வலி எடுத்துவிட்டது. 'நீ போ மச்சான், நான் பாத்துக்கிறேன்' என்றாய். மத்தியானம் பிள்ளை பிறந்த சேதியைச் சொல்ல ஓடி வந்தேன். ஆள் வெளியே இல்லை. தகட்டில் மூன்று தட்டு தட்டினேன். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது. நீ கரியும் சுண்ணாம்புமாக வெளியே வந்து, பிள்ளையைப் பார்க்காமலே ஊருக்குப் போகிறேனே என்று அழுதாய். அன்று சாயங்காலம்தான் நீ சென்னைக்கு ரயில் ஏறினாய். எல்லாம் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

துஆவுடன்,
சேக் அலாவுதீன்


786

மணமேல்குடி
22-4-1959

மாப்பிள்ளைக்கு,

பெருநாள் வாழ்த்துகூட உன்னிடமிருந்து வரவில்லை. ஜனவரி கடைசியில் பார்சல் கிடைத்தது என்று ஒரு கார்டு வந்ததோடு சரி. நான் இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். கந்தர்வக்கோட்டைக்குப் போய் ராசாத்தியிடம் கேட்டேன். அவளுக்கு வாரம் தவறாமல் வருகிறதாம், சுகமாக இருக்கிறாயாம். எனக்கு மட்டும் எழுதவில்லை. முந்திரித் தோப்பு நன்றாகக் காய்த்திருக்கிறது என்று உனக்கு எழுதச் சொன்னாள்.

குழாயை அறுத்துப் பார்த்தீர்களா?

சேக் அலாவுதீன்


ரோட்டருவா
16-5-1959

அன்புள்ள மச்சானுக்கு,

பார்த்தோம். மார்ச் மாதமே பார்த்தோம்.

நீ சொன்னபடியே செய்தோம். கிணற்றிலிருந்து விரல் கனத்தில் ஒரு கிளைக் குழாய் எடுத்து, முதலில் மூன்று வாரம் வெறும் கிணற்று நீர் விட்டோம். பிறகு இரண்டு நாள் கடுக்காய்ச் சாறு சேர்த்தோம். பிறகு மறுபடி மூன்று வாரம் வெறும் நீர். இன்ஜினியர் குழாயை நீளவாக்கில் அறுத்து, படிந்திருந்ததை ஒரு பாளமாகப் பெயர்த்து மேசைமேல் வைத்தார். கீழே வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் மயிரிழை கனத்தில் கறுப்புக் கோடு. இது உன் கடுக்காய்ச் சாற்றை ஊற்றிய நாள், இதற்குக் கீழே இருப்பது அதற்கு முன்னால் படிந்தது என்று பென்சிலால் காட்டினார். நல்ல அடையாளம், இனி இதை வைத்து ஒவ்வொரு மாதமும் எவ்வளவு படிகிறது என்று அளக்கலாம் என்று எல்லோருக்கும் குஷி. கிணற்றின் ஆழத்துச் சூட்டில் சாறு கருகிவிடும், அதனால் உள்ளே ஊற்றப் பயன்படாது, ஆனால் அளப்பதற்குப் பயன்படும் என்று முடிவு. என் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். நான் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் பாய்லர் கிழிந்தபோது உள்ளே இருந்த உப்பிலும் அந்தக் கறுப்புக் கோடு இருந்திருக்கும். நான் ஒழுங்காகச் சுரண்டியிருந்தால் கோட்டுக்குக் கீழே வெள்ளை இருக்க முடியாது. அதை நீ பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய். பாளத்தைப் பார்த்து நாள் சொல்வார்களா என்று நீ கேட்டது சும்மா இல்லை.

சொல்லிவிடுகிறேன். அன்று நான் கடுக்காய்த் தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே இறங்கினேன். ஒரு கூடைதான் எடுத்தேன். அப்போதுதான் நீ தட்டினாய். நான் திருப்பித் தட்டினேன். வெளியே வந்தேன், பிள்ளை பிறந்த சந்தோஷம், நீ வாயில் சர்க்கரை போட்டாய், நீ திரும்பி ஓடிவிட்டாய். மணியைப் பார்த்தேன். நாலு மணி பஸ்ஸை விட்டால் ரயில் இல்லை. திங்கட்கிழமை காலை சென்னையில் வேலையில் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. சுரண்ட இன்னும் ஒன்றரை நாள் வேலை பாக்கி. தை மாதம் எப்படியும் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் திறப்பீர்கள், அதுவரை தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடியைப் போட்டு முறுக்கினேன். புத்தகத்தில் 'உப்பு சுரண்டி எடுத்தது நாலு கூடை' என்று எழுதினேன். மறுநாள் நீ அதன் கீழே பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உள்ளேயிருந்து வந்த மூன்று தட்டை நம்பித்தானே போட்டாய்.

விபத்துச் சேதி சென்னைக்கு வந்தபோது நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். அதுதான் என் யோக்கியதை.

இதோடு இன்ஸ்பெக்டருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று திறந்த உறையில் வைத்திருக்கிறேன். இது போனால் உனக்கு சர்டிபிகேட் வரும். என் சர்டிபிகேட்டும் வேலையும் போகும். கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

ஆண்டிச்சாமி


786

மணமேல்குடி
7-6-1959

ஆண்டிச்சாமிக்கு,

உன் உறையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பதை ஒரு தடவை படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

என் இஷ்டம் என்று எழுதியிருக்கிறாயே, அது எப்படி என் இஷ்டமாகும்? நான் கொடுத்தால் சிநேகிதன் சோற்றில் மண் போட்டவன். கிழித்தால் இன்னும் எத்தனை வருஷமோ தொட்டித் தண்ணீர். இரண்டில் எதுவானாலும் பாரம் என் தலையில், நீ சொல்லிவிட்டவன் என்று நிம்மதியாக இருப்பாய். அந்த ஊரிலும் தபால் பெட்டி இருக்கிறது. போடுவதாக இருந்தால் நீயே போடு. போடாவிட்டாலும் நான் கேட்கப் போவதில்லை.

எனக்கு எப்போது தெரியும் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மூக்கனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மறுநாள், பாய்லர் ஆறியதும் உள்ளே இறங்கினேன். லாந்தர் பிடிக்க ஆள் இல்லை. குழாயின் மேலிருந்து ஒரு பாளம் கையோடு வந்தது. வெளிச்சத்தில் கொண்டுவந்து பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாளம் இன்னும் என் வீட்டில் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. விசாரணையில் அதைக் காட்டவில்லை. நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய், இரண்டு பேர் விழுவதற்கு ஒருவன் விழுந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு வாரம் இருந்தது. அதற்குப் பிறகு இந்த மூன்றரை வருஷமும், நீயாக வாயைத் திறப்பாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தீபாவளிக்கு வந்தாய், பிள்ளைக்குச் சட்டை வாங்கி வந்தாய், நம் பொல்லாத காலம் என்றாய். ஒவ்வொரு தடவையும் நீ பஸ் ஏறிய பிறகு டப்பாவைத் திறந்து பார்ப்பேன். எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கடுக்காயை நான் ஐந்து சேரும் என் கையால் உடைத்தேன். வேண்டுமென்றேதான் அனுப்பினேன். அதையும் மறைக்கவில்லை.

என்னிடம் சொல்லிவிட்டாய். மூக்கனிடம்?

சேக் அலாவுதீன்


ரோட்டருவா
5-7-1959

மச்சானுக்கு,

நீ எழுதியது அத்தனையும் நியாயம்.

இன்ஸ்பெக்டருக்கான கடிதத்தை ஜூலை மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, நானே நடந்து போய், பதிவுத் தபாலில் போட்டேன். அதன் நகலைச் சென்னை ஆபீசுக்கும் போட்டேன். வழியில் இரண்டு தடவை நின்றேன். அதையும் எழுதிவிடுகிறேன். ராசாத்திக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

மூக்கனுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. நீ கடை வாசலில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டு. கூட ஆட்கள் இருந்தாலும் பரவாயில்லை.

இங்கே வாயைக் குறுக்கி வைத்த கிணறு எட்டு மாதமாக அடைக்கவில்லை. குடையும் இயந்திரத்தை இன்னும் கூப்பிடவில்லை. இன்ஜினியர் என் அழுத்தமானிக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று என்னைப் பாராட்டினார்.

ஆகஸ்டு கடைசியில் கப்பல் ஏறுகிறேன்.

ஆண்டிச்சாமி


786

மணமேல்குடி
13-12-1959

ஆண்டிச்சாமிக்கு,

சென்னை விலாசத்துக்கு எழுதுகிறேன். கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாளத்தை விளிம்பில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இதை ஏன் அன்றைக்கே காட்டவில்லை என்று கடிந்துகொண்டார். பார்க்காமல் கையெழுத்துப் போட்ட குற்றம் குற்றம்தான், அதற்கு இத்தனை வருஷம் போதும் என்றார். பரீட்சை வைத்தார்கள். நேற்று சர்டிபிகேட் வந்தது. தை பிறந்ததும் பாய்லர் என் கைக்கு வருகிறது. பட்டுக்கோட்டைக்காரர் தஞ்சாவூரில் வேறு மில்லுக்குப் போகிறார்.

மூக்கனுக்கு வாசித்துக் காட்டினேன். டீ ஆற்றிக்கொண்டே கேட்டான். முடிந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு, 'அவுக வந்தா எம்முன்னாடி நின்னு இதச் சொல்லட்டுங்க பாய். காயிதம் சொல்லக் கூடாது' என்றான்.

முன்னே மாதிரி நாலு பக்கம் எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அதற்காக எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. உன் விசாரணை என்ன ஆயிற்று?

சேக் அலாவுதீன்


கந்தர்வக்கோட்டை
29-5-1960

மச்சானுக்கு,

பிப்ரவரியில் முடிவு வந்தது. வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் சர்டிபிகேட்டை மூன்று வருஷத்துக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதற்குள் பொறுப்பாளர் ஒருவரின் கீழே உதவியாளனாக இருந்து, அவர் எழுதிக் கொடுத்தால் மறுபடி பரீட்சைக்கு உட்காரலாமாம். எந்தப் பொறுப்பாளர் என்னைச் சேர்த்துக்கொள்வார்? ஊருக்கு வந்துவிட்டேன். ராசாத்தியோடு முந்திரித் தோப்பில் வேலை செய்கிறேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், 'அந்தப் புள்ளைக்கு வருசா வருசம் சட்ட எடுத்துக் குடுத்தீகளே, கை கூசலையா?' என்றாள்.

போன வாரம் உன்னையும் மூக்கனையும் பார்க்கக் கிளம்பினேன். அறந்தாங்கிவரை வந்தேன். மணமேல்குடி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்ததும் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கும் அப்படியே. திரும்பி வந்துவிட்டேன்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டுமென்று இல்லை. உன் கையில் பாய்லர் திரும்ப வந்ததைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மட்டும் நம்பு.

ஆண்டிச்சாமி


786

மணமேல்குடி
26-6-1960

மாப்பிள்ளைக்கு,

ஹஜ்ஜுப் பெருநாளைக்கென்று ராசாத்தி கொடுத்துவிட்ட முந்திரி கிடைத்தது. நிஹார் வறுத்தாள். பிள்ளை ஒருத்தியே பாதியைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தது.

உன் கடிதத்தை ஒரு மாதமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அறந்தாங்கியில் இரண்டு தடவை பஸ்ஸைவிட்டு இறங்கினவன் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. கோபம் போய்விட்டதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முழுக்கப் போகவில்லை. ஆனால் தை மாதத்திலிருந்து நான் பாய்லர் முன்னால் நிற்கிறேன். மீட்டர் முள் அசையாமல் நிற்கும்போதெல்லாம், இதைப் பார்த்துச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. நீ எழுதியதைக் கேட்டு நானும் இப்போது ஆவியைச் சட்டென்று இறக்குவதில்லை. உப்புக் கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் ஊருணித் தண்ணீரை வண்டியில் கொண்டுவரச் சொல்லி முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கிவிட்டேன். உப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் படியத்தான் படிகிறது. ஆடியில் திறந்தாக வேண்டும்.

மில்லில் உதவியாளன் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. யாரை வேண்டுமென்று முதலாளி கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பொறுப்பு என்னுடையது என்றேன். மூக்கனிடமும் சொன்னேன். அவனுக்கு மறுப்பு இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். 'காலைல மொத டீ எங் கடைல குடிக்கட்டுங்க. அப்பறம் பேசிக்கிறோம்' என்றான். ஆகவே முதலில் அங்கே போ. நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உள்ளே வா.

ஆடி இரண்டாம் தேதி பாய்லரை ஆற வைக்கிறேன். மூன்றும் நாலும் கடுக்காய்த் தண்ணீர் நிற்கும். ஐந்தாம் தேதி காலையில் வந்து சேர். இந்தத் தடவை அறந்தாங்கியில் இறங்காதே. நீ உள்ளே இறங்கு, நான் லாந்தர் பிடிக்கிறேன். நான் மூன்று தட்டு தட்டுவேன், நீ திருப்பித் தட்டு. அதோடு விடமாட்டேன். உப்பைக் கூடை கூடையாக வெளியே கொடு. நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

உன் மச்சான்
சேக் அலாவுதீன்